வாலாட்ட வேண்டாம், சும்மா இருந்தால் போதும்

கூக்கால் குறிப்புகள்

*

கூக்காலில் நாய் இல்லாத தோட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிளறிவிட்டுப் போய்விடும். கடமான் பீன்ஸ் கொழுந்துக்கு வரும். காட்டெருமை வேலியை வேலி என்றே மதிப்பதில்லை. சிறுத்தைக்கோ நாயே இரை. இவ்வளவுக்கும் நடுவே தூங்குகிறவரை எழுப்ப ஒரு குரல் வேண்டும். அதற்காகத்தான் நாய். வாலாட்டுவதற்காக இங்கே யாரும் நாய்க்குட்டி தூக்கிக்கொண்டு வந்ததில்லை.

*

கொடைக்கானலிலிருந்து கூக்கால் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கமாக வளைந்து வளைந்து வரும் சாலை. முன்பெல்லாம் அந்தச் சாலையில் வருகிறவர் யாரென்று ஊருக்குத் தெரியும்: பூண்டு வியாபாரி, உர லாரிக்காரர், பஸ் டிரைவர், பள்ளிக்கூட வாத்தியார். ஊருக்குத் தெரிந்தவர்களை நாய்க்கும் தெரியும். இப்போது பூண்டுக் காட்டை ஒட்டியே தங்கும் விடுதி, கூடாரம், ஹோம் ஸ்டே. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம். எந்த வண்டி மலையேறுகிறது என்று அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடுகிறது. வாசலில் நிற்கும் நாயிடம் அந்தப் பாஸைக் காட்ட முடியாது.

திங்கள் முதல் வியாழன் வரை காவல்; வெள்ளி முதல் ஞாயிறு வரை வரவேற்பு. ஒரே நாயிடம் இரண்டு உத்தியோகம் கேட்கிறோம். இரண்டாவதை விட்டுவிடலாம். வந்தவரை அது வரவேற்க வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

*

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வீட்டு நாயின் பெயர் டைகர். சிறுத்தை நடமாடும் காட்டில் இந்தப் பெயர் கொஞ்சம் அதிகம்தான். தாய் ராஜபாளையம். தகப்பன் யாரென்று பூம்பாறைக்கும் தெரியாது, மன்னவனூருக்கும் தெரியாது. நின்றால் என் இடுப்பளவு. அண்ணன் பூண்டு போடுகிறார். வீட்டோடு சேர்ந்த இரண்டு அறைகளைச் சனி, ஞாயிறுகளில் வாடகைக்கு விடுகிறார். ஒரு காலத்தில் வண்டிச் சத்தம் கேட்டாலே டைகர் சங்கிலி அறுந்துவிடும்படி எம்பும். இப்போது இரண்டு முறை குரைக்கிறது, அண்ணன் முகத்தைப் பார்க்கிறது, போய்ச் சாக்கில் படுத்துக்கொள்கிறது. நடுவில் நடந்ததையும் அதையொட்டிப் படித்ததையும் துண்டு துண்டாக எழுதி வைக்கிறேன்.

*

புது ஆளைப் பார்த்துப் பாய்கிற நாயைக் கோபக்கார நாய் என்கிறோம். கால்நடை மருத்துவரைக் கேட்டால், பெரும்பாலும் அது பயம் என்பார். கட்டிப் போட்டிருக்கிறது, ஓட வழியில்லை, எதிரே ஆள் நெருங்கிக்கொண்டே வருகிறான். முந்திக்கொள்வது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு. உருவம் பெரிதாக இருப்பதால் உள்ளே இருக்கும் பயம் நம் கண்ணில் படுவதில்லை.

வலியும் இதே வேலையைச் செய்யும். காதில் சீழ், இடுப்பில் தேய்மானம், உடம்பெல்லாம் உண்ணி. நேற்றுவரை அமைதியாக இருந்த நாய் திடீரென்று சீறினால், பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

*

மீட்டர் கணக்கெடுக்க வருகிறவர், தபால்காரர், சிலிண்டர் போடுகிறவர். இந்த மூவரோடும் எல்லா ஊர் நாய்களுக்கும் பகை இருப்பதற்குக் காரணம் உண்டு. வருகிறார்கள், நாய் குரைக்கிறது, போய்விடுகிறார்கள். வேலை முடிந்துதான் போகிறார்கள் என்று நாய்க்கு யார் சொல்வது? தான் விரட்டியதால்தான் ஓடினார்கள் என்று அது கணக்கு வைத்துக்கொள்கிறது. மாதம் தவறாமல் ஒரு வெற்றி. ஒவ்வொரு வெற்றிக்கும் குரைப்பு இன்னும் கொஞ்சம் முற்றுகிறது.

அண்ணன் இதை உடைத்த விதம் எளிமையானது. வந்தவருக்கு ஒரு டீ. "உட்காருங்க சார், அது ஓயட்டும்." டைகர் கட்டியிருக்கும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து அவர் டீ குடிப்பார். குரைத்தாலும் ஆள் போகவில்லை. குரைப்பு நின்ற பிறகுதான் எழுந்து போகிறார். டைகரின் பழைய கணக்கு மெல்ல மெல்லப் பொய்த்துப் போனது.

*

பயிற்சி முழுக்கத் தூரத்தில் இருக்கிறது. நாய் ஆளைப் பார்க்க வேண்டும், ஆனால் பொங்கக் கூடாது. அந்த இடைவெளி எத்தனை அடி என்பதை நாய்தான் சொல்லும். டைகருக்குத் தொடக்கத்தில் அது சாலைக்கும் களத்துக்கும் நடுவே உள்ள அகலம் முழுவதும்.

சாலையில் ஆள் தெரிந்ததும் வாயில் ஒரு துண்டு கோழி ஈரல். ஆள் இருக்கும்வரை ஈரல் வந்துகொண்டே இருக்கும். ஆள் மறைந்ததும் ஈரலும் நின்றுவிடும். இந்த வரிசை முக்கியம்: முதலில் ஆள், பிறகு ஈரல். ஈரலை முதலில் காட்டிவிட்டு ஆளைக் கூப்பிட்டால், ஈரலைப் பார்த்தாலே யாரோ வரப்போகிறார்கள் என்று நாய் விறைக்கத் தொடங்கும்.

நாளாவட்டத்தில் ஆளைக் கண்டதும் டைகர் தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தது. பயிற்சி பிடித்ததற்கு அடையாளம் அந்தத் திரும்பல்தான். அதற்குப் பிறகே தூரத்தைக் குறைத்தார், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஈரலை நீட்டியும் நாய் வாங்கவில்லையென்றால் நெருங்கிவிட்டோம் என்று பொருள். பத்தடி பின்னால் போய்விட வேண்டும்.

*

சாக்கு. உரச் சாக்கு அல்ல, சணல் சாக்கு. திண்ணையின் ஓரத்தில் விரித்திருக்கிறது. "சாக்குல படு" என்றால் படுக்க வேண்டும்; "சரி, வா" என்று சொல்லும்வரை எழக் கூடாது. இதை யாரும் இல்லாத நேரத்தில் பழக்கினார். பிறகு வீட்டுக்காரம்மா நடமாடும்போது, பிறகு பிள்ளைகள் ஓடும்போது, பிறகு தெரிந்தவர் வரும்போது. புது ஆள் கடைசியில்தான்.

"பாயாதே" என்று ஆயிரம் முறை கத்தினாலும் நாய்க்கு அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. "படு" என்பதில் ஒரு வேலை இருக்கிறது. வேலை தெரிந்த நாய் பதறுவதில்லை. கூக்கால் குளிரில் சாக்கு கதகதப்பாகவும் இருக்கிறது. அதுவும் ஒரு கூலிதான்.

*

ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இருவர் அமெரிக்காவில் பார் ஹார்பர் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துக் கவனித்து 1965இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம்வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது; அதற்குள் பார்த்துப் பழகியவை உலகத்தில் சாதாரணம், பார்க்காதவை சந்தேகத்துக்குரியவை என்பது அதன் சாரம்.

மலைத் தோட்டத்தில் பிறந்த குட்டி இந்த இரண்டு மாதங்களில் யாரைப் பார்க்கிறது? வீட்டு ஆட்கள் நான்கு பேர், ஒரு மாடு, சில கோழிகள். தொப்பி போட்டவர், குடை பிடித்தவர், ஹெல்மெட்டோடு இறங்குகிறவர், கறுப்புக் கண்ணாடிக்காரர், முதுகில் பெரிய பை சுமப்பவர் யாரும் கிடையாது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் ஒரே வேனில் வந்து இறங்குகிறார்கள்.

குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தில் சற்று நேரம் உட்கார்ந்தால் போதும். தடுப்பூசி முடியாத குட்டியைக் கீழே விட வேண்டாம், மடியிலிருந்தே பார்க்கட்டும். தடவிக் கொடுக்க ஊரைக் கூட்ட வேண்டாம்.

*

குட்டியில் எல்லோரிடமும் ஓடியதே, இப்போது ஏன் இப்படி என்று கேட்பார்கள். காவல் குணமுள்ள பெரிய நாய்களுக்கு அந்தக் குணம் ஒரு வயதை ஒட்டித்தான் விழித்துக்கொள்ளும். எட்டாம் மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை, சில நாய்களில் இரண்டு வயதுவரைகூட இழுக்கும். நாய் கெட்டுப்போனதாக நினைத்து அடிக்கத் தொடங்குகிற காலமும் இதுதான்.

*

அடி பற்றி. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அடிப்பது, உதைப்பது, மல்லாக்கப் புரட்டி அமுக்குவது, வாயில் கவ்வியதை வலுக்கட்டாயமாகப் பிடுங்குவது போன்ற முறைகளைக் கையாண்டபோது, குறைந்தது கால்வாசி நாய்கள் திருப்பித் தாக்க முனைந்தன.

இன்னொரு கெடுதலும் உண்டு. விருந்தாளி வரும்போதெல்லாம் அடி விழுந்தால், நாய் கற்றுக்கொள்வது ஒன்றே: விருந்தாளி வந்தால் வலிக்கும்.

*

உறுமுகிற நாயை உறுமவிட வேண்டும். அது அறிவிப்புப் பலகை. அதற்கும் முன்பே சில அறிகுறிகள் வரும்: திறந்திருந்த வாய் டக்கென்று மூடும், உடம்பு விறைக்கும், கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரியும், பசியில்லாமலே உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும். வால் ஆடினாலும் அது உயரத் தூக்கி விறைப்பாக ஆடினால் அன்பு இல்லை. உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமலை மட்டும் விட்டுவிடும். பிறகு நேராகக் கடிதான்.

*

பகலெல்லாம் சங்கிலி, ராத்திரியில் அவிழ்த்துவிடுவது. மலை முழுக்க இதுதான் வழக்கம். சங்கிலி முடியும் இடத்தில் புல் முளைக்காத ஒரு வட்டம் விழுந்திருக்கும். அந்த வட்டத்தின் விளிம்பில் நின்றுதான் நாய் உலகத்தைப் பார்க்கிறது. போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டாத தூரத்தில். ஒவ்வொரு முறையும் கழுத்தில் ஒரு வெட்டு. நாளெல்லாம் இப்படி நின்ற நாயிடம் சாயங்காலம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

அண்ணன் செய்தது: வீட்டின் பின்புறம், சாலை தெரியாத பக்கம், கம்பிவலை போட்டு ஓர் அடைப்பு. சாலையை மறைத்து ஒரு தகரம். பாதிக் குரைப்பு அந்தத் தகரத்தோடு போயிற்று. காலையில் தோட்டத்தைச் சுற்றிக் கயிற்றோடு ஒரு நீண்ட நடை. கயிறு தளர்வாக இருக்க வேண்டும். ஆளைப் பார்த்ததும் நாம் கயிற்றை இறுக்கினால் நம் பதற்றம் கயிறு வழியாக நாய்க்கு இறங்கிவிடும்.

*

இனங்கள். ராஜபாளையம்: பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, 2005இல் அஞ்சல்தலையில் இடம்பிடித்த நாய். ஒருவரிடம் ஒட்டினால் ஒட்டியதுதான்; மற்றவர்கள் மூன்றாம் மனிதர்கள். வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வருவதுண்டு. காது கேட்காத நாயைப் பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். அதைக் குணக்கேடு என்று சொல்லிவிடக் கூடாது. கோம்பை: தேனி மாவட்டத்து மலையடிவாரத்து ஊர்ப் பெயர் கொண்டது. செம்மண் நிறம், கறுத்த வாய், காவலுக்குப் பேர் போனது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டப் பிறந்தவை. ஒல்லி உடம்பு, மெல்லிய தோல், கரிசல் வெயிலுக்குப் பொருத்தம். கூக்கால் குளிரில் அவற்றைக் கட்டிப் போடுவது பாவம்.

*

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 வகை நாய்களை ஆபத்தானவை என்று பட்டியலிட்டு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அதே மாதம் தமிழக அரசு அந்த 23 வகைகளுக்கும் தடை உத்தரவு பிறப்பித்து, உடனே நிறுத்தியும் வைத்தது.

பட்டியலில் துருக்கி நாட்டின் கங்கால் உண்டு. நம் கோம்பை இல்லை. அந்தக் கங்கால் வகை நாய்களைத்தான் நமீபியாவில் சிவிங்கிப்புலிப் பாதுகாப்பு நிதியம் 1994 முதல் விவசாயிகளுக்குக் கொடுத்துவருகிறது. ஆட்டுக்குக் காவல் நாய் இருந்தால் விவசாயி சிவிங்கிப்புலியைச் சுடத் தேவையில்லை என்பது கணக்கு. குரைத்து, மந்தைக்கும் விலங்குக்கும் நடுவே நின்றே பெரும்பாலும் அவை காரியத்தை முடித்துவிடுகின்றன. இனத்தின் பெயரைவிட, அதற்கு என்ன வேலை கொடுத்து எப்படி வளர்த்தார்கள் என்பதே பெரிது.

*

நம் பக்கத்திலும் பாடம் இருக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டு ஊர் ஊராக நகர்கிறவர்கள். கிடை நாய்க்குச் சொந்த வீடு கிடையாது. இன்று ஒரு வயல், சில நாள் கழித்து வேறு வயல். நிலத்துக்காரர் பேரம் பேச வருவார், வழிப்போக்கர் தண்ணீர் கேட்பார். பகலில் வருகிறவரையெல்லாம் கடித்தால் கீதாரிக்குப் பிழைப்பு நடக்காது. இருட்டில் நரிக்கும் திருடனுக்கும் பேசாமல் இருந்தாலும் நடக்காது. யாரோடு கீதாரி உட்கார்ந்து பேசுகிறாரோ அவரை நாய் விட்டுவிடுகிறது. எசமானின் உடம்பைப் பார்த்து நாய் முடிவெடுக்கிறது.

*

திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. இறந்த வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரைச் சொல்லி, அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாய் பெயரோடு கல்லில் ஏறியது, கள்வரைக் கடித்ததற்காக. வந்தவரையெல்லாம் கடித்த நாய்க்கு யாரும் கல் நடுவதில்லை.

*

வாய்மூடி என்றதும் தண்டனை என்று நினைக்கிறார்கள். தோலால் இறுக்கிக் கட்டுவது வேறு. கூடை போன்றது வேறு. கூடைக்குள் நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், ஈரல்கூட வாங்கலாம். கூடையின் அடியில் தின்பண்டம் வைத்து, நாயே மூக்கை நுழைக்கும்படி பழக்க வேண்டும். வாரை மாட்டுவது அதற்குப் பிறகு. கடிக்க முடியாது என்ற தைரியத்தில் நாயைக் கூட்டத்துக்குள் இழுத்துப் போகக் கூடாது. வாய்மூடி நமக்கு நிம்மதி தரும் பொருள். நம் நிம்மதி நாயையும் அமைதிப்படுத்துகிறது.

சட்டம் ஒன்றையும் தெரிந்துகொள்ளலாம். பாரதிய நியாய சன்ஹிதா 291ஆவது பிரிவின்படி, தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி பார்த்துக்கொள்ளாதவருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது 5000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

*

விருந்தாளிகளுக்காக அண்ணன் வாசலில் ஓர் அட்டை தொங்கவிட்டிருக்கிறார். அவர் மகள் எழுதியது:

நாயைப் பார்க்காதீர்கள்.
தொடாதீர்கள்.
பேசாதீர்கள்.
ஓடாதீர்கள்.
பிஸ்கட் கொடுக்காதீர்கள்.

பலருக்கு இதில் வருத்தம். "எங்க வீட்லயும் நாய் இருக்குண்ணா, எனக்குப் பழக்கம்" என்று கையை நீட்டிக்கொண்டு வருவார்கள். அவர்கள் வீட்டு நாய் அவர்களுக்குப் பழக்கம், இது டைகர். தலைக்கு மேலே நீளும் கை, குனிந்து வரும் முகம், கண்ணுக்குள் பார்ப்பது மூன்றும் நாய்க்கு மிரட்டல். கையில் வைத்துத் தின்னக் கொடுப்பதும் நல்லதில்லை. பயந்த நாய் பிஸ்கட்டுக்காக நெருங்கி வந்து, பிஸ்கட் தீர்ந்ததும் தான் எங்கே நிற்கிறோம் என்று விழிக்கும். அந்த நொடியில் கடித்துவிடும்.

குழந்தைகளுக்கு ஒரே பாடம்: மரம் மாதிரி நில். கையை மடக்கிக்கொள், தரையைப் பார்.

*

காட்டெருமை விஷயம் தனி. 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்தது. சோலைக்கும் தோட்டத்துக்கும் நடுவே மதில் எதுவும் இல்லை. நாய் காட்டெருமையைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு ஓடும். அது திருப்பித் துரத்தினால் நாய் எங்கே ஓடி வரும்? எசமானிடம்தான். பின்னாலேயே ஒரு டன் கோபம் வரும். புது ஆளைக் கண்டு திரும்பிப் பார்க்கப் பழகிய நாயை இங்கேயும் ஒரு குரலில் நிறுத்தலாம்.

சோலைக்குள் நாயை அவிழ்த்து விடுவது எந்த வகையிலும் சரியில்லை. நாய்களிடமிருந்து டிஸ்டம்பர் நோய் செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் தொற்றும். தடுப்பூசி போடுவது காட்டுக்கும் சேர்த்துத்தான்.

*

எவ்வளவு பழக்கினாலும் பல் இருக்கிற விலங்கு. கடி பட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காபித் தூள் எதுவும் வேண்டாம். வீட்டு நாய், ஊசி போட்ட நாய் என்று தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் 0, 3, 7, 28 என்று நாள் கணக்கில் தோலில் ஊசி போடுகிறார்கள். ஆழமான காயமென்றால் காயத்திலேயே இம்யூனோகுளோபுலினும் உண்டு. குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியதே வெறிநாய்க்கடிக்காகத்தான். இத்தனை காலத்துக்குப் பிறகும் இந்த நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிது. ஊசி ஒன்றே வழி, அதுவும் நேரத்தில் போட்டால்.

*

"இப்ப அது யாரையும் கடிக்காதா அண்ணே?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல மாட்டேன் தம்பி. என்னையக் கேக்காம கடிக்காது."

*

எல்லா நாயும் டைகர் ஆகாது. ஏற்கெனவே ஆளைக் கடித்த நாய், குட்டியிலிருந்தே கட்டிக் கிடந்த நாய், எதற்கும் மிரளுகிற நாய், இவற்றில் சிலவற்றுக்கு விருந்தாளி நடுவே படுத்திருப்பது என்றைக்கும் கைகூடாது. விருந்தாளி வரும் நாளில் அந்த நாயைப் பின்னறையில் விட்டு, ஓர் எலும்பைக் கொடுத்து, கதவைச் சாத்திவிடுங்கள். அது பயிற்சியில் தோற்றதாகாது. வளர்க்கிறவர் தன் நாயை அறிந்திருக்கிறார் என்றே பொருள்.

கூக்காலுக்கு வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்து வேலியைத் தாண்டும் முன் ஒரு குரல் கொடுங்கள். வீட்டுக்காரர் வெளியே வரும்வரை வெளியிலேயே நில்லுங்கள். நாய் குரைத்தால் அது தன் வேலையைச் செய்கிறது. அதைச் செய்யவிடுங்கள்.